பாலில் தங்கும் மருந்து

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு வரும் பாலைப் பால்மானியால் பார்க்கிறார்கள், கொழுப்பையும் அளக்கிறார்கள். தண்ணீர் கலந்திருந்தால் தெரிந்துவிடும், விலையும் அந்த அளவுகளின்படிதான். ஆனால் மடியழற்சி கண்ட பசுவுக்குப் போட்ட பெனிசிலின் பாலில் இறங்கியிருந்தால் இவை எதுவும் காட்டாது. நிறமும் மணமும் மாறுவதில்லை. ஆகவே மருந்து எச்சத்துக்கான சோதனையும் சேகரிப்பு நிலையத்தின் அன்றாட வேலையாக வேண்டும்.

ஒரு மாட்டின் பால் பெரிய தொட்டியில் கலந்தால் மருந்து கரைந்து போகாதா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாலில் பெனிசிலினுக்குக் கோடெக்ஸ் ஆணையம் வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். ஊசி போட்ட மாட்டின் 5 லீற்றர் பாலில் லீற்றருக்கு 400 மைக்ரோகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதை அந்த எல்லைக்குக் கொண்டுவர மொத்தம் 500 லீற்றர் பால் வேண்டும். சிறிய நிலையம் ஒன்றின் முழுத் தொட்டியையே ஒருவருடைய பால் கெடுத்துவிடும். காய்ச்சினால் போய்விடும் என்பதும் சரியல்ல. கொதிக்க வைத்தாலும் பெனிசிலினில் பெரும்பகுதி அப்படியே நிற்கும். அது இருக்கும் பாலில் யோகட்டுக்கு விடும் நுண்ணுயிர் வளராமல் உறை கெடும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆபத்து. சிறிய அளவில் தொடர்ந்து உடலுக்குள் போனால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் தலையெடுக்கவும் வழி பிறக்கும்.

செலவு பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு மருந்து போட்டதால் ஒரு வாரப் பால் போனால் அந்த வாரச் சீவியமே போகும். சோதனைக்கும் செலவாகும். ஆனால் ஒவ்வொருவருடைய பாலையும் தினமும் சோதிக்கத் தேவையில்லை. ஒவ்வொருவரிடமும் சிறிது மாதிரி எடுத்து வைத்துவிட்டு, கலந்த பாலை மட்டும் சோதித்தால் போதும். மருந்து தெரிந்தால்தான் தனி மாதிரிகளைப் பார்க்க வேண்டும். சோதனையும் எளிது: நுண்ணுயிர் உள்ள ஊதா நிறக் குழாயில் பாலை விட்டு 64 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்தால், மருந்து இல்லாதபோது ஏறத்தாழ மூன்று மணித்தியாலத்தில் மஞ்சளாகும். மருந்து இருந்தால் குழாயிலுள்ள நுண்ணுயிர் வளராது, ஊதாவாகவே நிற்கும். சில நிமிடங்களில் முடிவு சொல்லும் பட்டிகளும் உண்டு. அமெரிக்காவில் பண்ணையிலிருந்து வரும் ஒவ்வொரு பால் பவுசரையும் இறக்கும் முன்பு பெனிசிலின் வகை மருந்துக்குச் சோதிக்கிறார்கள்.

மாட்டுக்கு மருந்து போட்டதை முன்கூட்டியே சொல்பவரைத் தண்டிக்கக் கூடாது. அவர் வீணாகக் கொட்டிவிடும் பாலின் விலையில் ஒரு பங்கைச் சங்கம் ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் பயத்தில் மறைப்பார்கள், சோதனை பகையாகிவிடும். பால் தருபவர்களே, ஊசி போடும்போது எத்தனை நாள் பால் கொடுக்கக் கூடாது என்று கால்நடை வைத்தியரிடம் கேட்டு, திகதியோடு எழுதி வையுங்கள். சங்க நிர்வாகிகளே, அடுத்த பொதுக்கூட்டத்தில் இந்தச் சோதனையையும் இழப்பீட்டையும் சேர்த்தே பேசுங்கள்.