குட்டிகள் பிறக்கும் முன்பே தொடங்கும் பொறுப்பு



மாட்டுச் சந்தைக்குப் போகிறவர் அழகை மட்டும் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட மாட்டார். சுழி பார்ப்பார். பல்லைப் பிடித்துப் பார்ப்பார். நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார். தாய்ப்பசு எவ்வளவு கறந்தது என்றும் விசாரிப்பார். இப்படிப்பட்ட பாட்டன்மார்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து நாய்க்குட்டி வாங்கும்போது கேட்பது இரண்டே கேள்விகள்தாம்: என்ன இனம்? என்ன விலை? அந்தக் குட்டியின் தாயும் தகப்பனும் எப்படிப்பட்டவை, அவற்றுக்கு என்ன சோதனை செய்யப்பட்டது என்று கேட்பவர் மிகச் சிலரே.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது பழமொழி. நாய்க்குட்டியின் இடுப்பு எலும்பைப் பொறுத்தவரை இந்தப் பழமொழி செல்லாது. எட்டு வாரக் குட்டி துள்ளி விளையாடும், கொழுகொழுவென்று இருக்கும். அது ஐந்தாவது வயதில் கண்பார்வை இழக்கும் என்பதோ, மாடிப்படி ஏற முடியாமல் தவிக்கும் என்பதோ முகத்தைப் பார்த்தால் தெரியாது. ஆகவேதான் சோதனை குட்டிக்கு அல்ல, பெற்றோருக்கு முதலில் செய்யப்பட வேண்டும். அதுவும் இணை சேர்க்கும் முன்பே.

முதலில் இடுப்பு மூட்டுக் கோளாற்றை எடுத்துக்கொள்ளலாம். லாப்ரடோர், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர், ராட்வைலர் போன்ற பெரிய இனங்களில் இது அதிகம். தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் குழிக்குள் கிண்ணத்தில் பந்து உட்கார்ந்ததுபோல் பொருந்தியிருக்க வேண்டும். மூட்டு தளர்ந்து, குழியும் ஆழமில்லாமல் போனால் எலும்பு உரசி உரசித் தேய்ந்து மூட்டுவாதத்தில் போய் முடியும். பிறக்கும்போது இந்தக் கோளாறு இருப்பதில்லை; வளர வளரத்தான் உருவாகிறது. சில நாய்கள் ஐந்தாறு மாதத்திலேயே பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்து வைத்து முயல்போல் தாவத் தொடங்கும். வேறு சில நாய்கள் பல ஆண்டுகள் ஒன்றும் தெரியாமல் ஓடியாடித் திரிந்துவிட்டு, முதுமையில் எழுந்து நிற்க முடியாமல் விழும். அதற்குள் அவை எத்தனையோ குட்டிகளுக்குத் தாயாகவும் தகப்பனாகவும் ஆகியிருக்கும்.

இதைக் கண்டறிய எக்ஸ்ரே படமே முதன்மையான வழி. அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஓ.எஃப்.ஏ. எனப்படும் விலங்கு எலும்பியல் அறக்கட்டளை, நாய்க்கு 24 மாதம் நிறைந்த பிறகே இடுப்புக்கு இறுதித் தரம் வழங்குகிறது. மூன்று நிபுணர்கள் தனித்தனியே படத்தைப் பார்த்து முடிவு சொல்கிறார்கள். பிரிட்டனில் ஒரு வயது நிறைந்த நாயின் இடுப்புகளுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். இரு பக்கமும் சேர்த்து 0 முதல் 106 வரை எண் வரும். எண் குறையக் குறைய இடுப்பு நல்ல இடுப்பு. பள்ளிக்கூட மதிப்பெண்ணுக்கு நேர் எதிரானது என்பதை வாங்குபவர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவான மற்றொரு முறை, மூட்டு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதை 16 வார வயதிலேயே அளந்து சொல்கிறது.

இந்த இடத்தில் வளர்ப்பாளர்கள் ஒரு கேள்வி எழுப்புவதுண்டு. "நல்ல இடுப்புள்ள பெற்றோருக்கும் கோளாறுள்ள குட்டி பிறக்கிறதே, பிறகு சோதனை எதற்கு?" என்பது அவர்கள் வாதம். பிறப்பது உண்மைதான். காரணம், இந்தக் கோளாறு ஒரே ஒரு மரபணுவால் வருவதன்று. பல மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. உணவும் வளரும் வேகமும் கூடச் சேர்ந்துகொள்கின்றன. ஆனால் அதற்காகச் சோதனை பயனற்றது என்று ஆகிவிடாது. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் 'தி சீயிங் ஐ' என்ற அமெரிக்க நிறுவனம், தன் நாய்களின் இடுப்பைச் சோதித்து, நல்லவற்றை மட்டும் இணை சேர்த்து வந்தது. 1997ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவு இது: ஐந்து தலைமுறைக்குள் ஜெர்மன் ஷெப்பர்டுகளில் கோளாறுள்ளவை நூற்றுக்கு 55 என்ற நிலையிலிருந்து 24ஆகக் குறைந்தன. லாப்ரடோர்களில் 30 என்பது 10ஆகக் குறைந்தது. முற்றாக ஒழியவில்லை, ஆனால் பாதிக்கு மேல் குறைந்தது. வலியில்லாமல் நடந்த அத்தனை நாய்களையும் அவற்றைக் கைப்பிடித்து வீதியைக் கடந்த மனிதர்களையும் எண்ணிப் பார்த்தால், எக்ஸ்ரே செலவு பெரிதாகத் தோன்றாது.

அடுத்தது கண். லாப்ரடோர், பூடில், காக்கர் ஸ்பேனியல் உள்ளிட்ட பல இனங்களில் விழித்திரை சிறிது சிறிதாக அழியும் பரம்பரை நோய் உண்டு. முதலில் இரவில் தடுமாறும். பிறகு பகலிலும் பார்வை போய்விடும். இதற்கு மருந்து கிடையாது. பெரும்பாலும் நடுவயதில்தான் தெரியவரும் என்பதால், நோய் தெரியும்முன் நாய் பல ஈற்றுக் குட்டிகளைப் பெற்றிருக்கும். நல்ல வேளையாக, இந்த நோயின் முக்கியமான வகை ஒன்றுக்குக் காரணமான மரபணுக் குறை 2006ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்து அனுப்பினால் போதும், ஆய்வுக்கூடம் பதில் சொல்லிவிடும்.

அந்தப் பதில் மூன்று வகைப்படும். குறை அறவே இல்லாத நாய். ஒரு பக்கத்தில் மட்டும் குறையைச் சுமக்கும் நாய். இரு பக்கமும் குறையுள்ள நாய். மூன்றாவது வகைக்குத்தான் நோய் வரும். இரண்டாவது வகை கடைசிவரை நன்றாகவே பார்க்கும். ஆனால் சுமக்கும் நாய் இரண்டை இணை சேர்த்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நோய்வாய்ப்படும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பெற்றோர் இரண்டும் கண் நன்றாகத் தெரிகிறவையே! "தாய் தகப்பன் ஆரோக்கியமாகத்தானே இருக்கின்றன?" என்ற பேச்சு எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பது இதிலிருந்து விளங்கும்.

அப்படியானால் சுமக்கும் நாய்களையெல்லாம் ஒதுக்கிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. அதைக் குறையில்லாத நாயோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் அந்த நோய் வராது. குட்டிகளில் ஏறக்குறையப் பாதி சுமக்கும், அவ்வளவே. சோதனை செய்வது நாய்களைத் தள்ளிவைப்பதற்காக மட்டுமல்ல, சரியான ஜோடியைத் தெரிந்தெடுப்பதற்காகவும்தான். சுமப்பவற்றையெல்லாம் கழித்துக்கட்டினால் இனத்தின் வட்டம் சுருங்கி, நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்க்க நேரும். ஒரு நோயை விரட்டப் போய் வேறு பல நோய்களை வரவழைத்த கதையாகிவிடும்.

வட்டம் சுருங்கினால் என்ன ஆகும் என்பதற்கு டால்மேஷன் இனமே சாட்சி. வெள்ளை உடலில் கரும்புள்ளி அழகாகத் தெரிய வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்ததில், சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்து கல் உண்டாகும் குறை, தூய இனம் முழுவதிலும் பரவிவிட்டது. குறையில்லாத நாய் ஒன்றுகூட இல்லை என்றால் யாரைத் தெரிந்தெடுப்பது? அமெரிக்க மரபியல் அறிஞர் ராபர்ட் ஷைபிள், 1973ஆம் ஆண்டில் பாய்ண்டர் இன நாய் ஒன்றை டால்மேஷனோடு ஒரே ஒரு முறை கலந்து, அதன் சந்ததியை மீண்டும் மீண்டும் டால்மேஷன்களோடே சேர்த்து, இழந்த நல்ல மரபணுவைத் திரும்பக் கொண்டுவந்தார். இனத் தூய்மை கெட்டதென்று எதிர்ப்பு கிளம்பியது. அமெரிக்க நாய்ச் சங்கம் அந்தச் சந்ததியை முழுமையாக ஏற்றுக்கொள்ள 2011ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதே டால்மேஷனில் காது கேளாமையும் உண்டு. அமெரிக்காவில் சோதிக்கப்பட்டவற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 நாய்களுக்கு இரு காதும் கேட்கவில்லை. 22 நாய்களுக்கு ஒரு காது கேட்கவில்லை. இதற்கு மரபணுச் சோதனை இன்னும் இல்லை. எனவே ஐந்து வாரக் குட்டியின் காதில் மெல்லிய ஒலியைச் செலுத்தி, மூளையில் எழும் மின்னதிர்வைப் பதிவு செய்கிறார்கள். கையைத் தட்டிப் பார்ப்பது சோதனையாகாது. ஒரு காது கேட்கும் குட்டி தட்டிய பக்கம் திரும்பிப் பார்த்துவிடும். அந்தக் குட்டி வீட்டுச் செல்லமாக நன்றாகவே வாழும். ஆனால் அதை இணை சேர்க்கக்கூடாது. சோதித்தால் ஒழிய இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

பரம்பரை நோய் ஒருபுறமிருக்க, தொற்று நோயும் உண்டு. புருசெல்லா கேனிஸ் என்ற கிருமி நாய்களின் இணைசேர்க்கை மூலம் பரவுகிறது; பெண் நாய்க்குக் கருச்சிதைவையும் ஆண் நாய்க்கு மலட்டுத்தன்மையையும் உண்டாக்குகிறது. மனிதருக்கும் தொற்றக்கூடியது. நாயின் உடலிலிருந்து அதை முற்றாக நீக்க உறுதியான சிகிச்சை கிடையாது. ஆகவே வெளியிலிருந்து ஆண் நாயை அழைத்து வரும்போது, இரண்டுக்கும் முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை செய்வது அவசியம்.

"இவையெல்லாம் பெரிய வளர்ப்பாளர்களுக்கு, வீட்டு நாயை ஒரே ஒரு முறை குட்டி போடவிடுகிறவருக்கு எதற்கு?" என்று கேட்பவரும் உண்டு. ஒரே ஈற்றில் எட்டுக் குட்டிகள் பிறந்தால் எட்டு வீடுகள் பாதிக்கப்படும். "கலப்பினம்தானே, ஒன்றும் வராது" என்பதும் முழு உண்மையன்று. 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களில் 152 மரபணுக் குறைகளைத் தேடியது. ஐந்தில் இரண்டு நாய்கள் ஏதாவது ஒரு குறையைச் சுமந்தன. கலப்பினத்தில் நோய்வாய்ப்படும் வாய்ப்பு குறைவுதான். ஆனால் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இனி, குட்டி வாங்கச் செல்பவர் கவனிக்க வேண்டியவை. கால்நடை மருத்துவர் குட்டியின் இதயத்துடிப்பைக் கேட்டு, தடுப்பூசி போட்டுக் கொடுத்த அட்டை மிகவும் தேவையானது. ஆனால் அது பெற்றோரின் இடுப்பைப் பற்றியோ கண்ணைப் பற்றியோ ஒன்றும் சொல்லாது. வம்சாவளிச் சான்றிதழ் பாட்டன் பூட்டன் பெயரைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. மலேசியாவில் ஊராட்சி மன்றம் தரும் உரிமமோ, சிங்கப்பூரில் 3 மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்குக் கட்டாயமான உரிமமோ உடைமையைத்தான் காட்டும். கேட்டுப் பார்க்க வேண்டியது தாய், தகப்பன் இரண்டின் பெயரிலும் உள்ள சோதனை முடிவுகள். அதில் உள்ள மைக்ரோசிப் எண்ணும் நாயின் உடலில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்றும் பார்க்க வேண்டும். "எல்லாச் சோதனையும் செய்தாயிற்று" என்று வாயால் சொல்வது சான்றாகாது.

நல்ல வளர்ப்பாளர் இத்தகைய கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரே திருப்பிக் கேள்வி கேட்பார். வீட்டில் பகலில் யார் இருப்பார்கள்? சிறு பிள்ளைகள் உண்டா? அடுக்குமாடி வீடா, தரைவீடா? எட்டு வாரம் ஆகும்முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க மாட்டார். வளர்க்க முடியாமல் போனால் எந்த வயதிலும் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுப்பார். விற்ற குட்டிக்குப் பின்னாளில் நோய் வந்தால் தெரிவிக்கும்படியும் கேட்டுக்கொள்வார். அடுத்த ஜோடியைத் தெரிந்தெடுக்க அந்தச் செய்தி அவருக்குத் தேவை.

வாங்கியவருக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவில் 48 லாப்ரடோர்களைக் குட்டிப் பருவம் முதல் சாகும்வரை கவனித்த ஆய்வு 2002ஆம் ஆண்டில் வெளியானது. ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட நூற்றுக்கு 25 பங்கு குறைவாக உணவு கொடுத்தார்கள். குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுவாதமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. பிரியத்தால் தட்டை நிரப்பிக்கொண்டே இருப்பது நாய்க்குச் செய்யும் நன்மையன்று.

சோதனைக்குப் பணம் செலவாகும் என்பதை யாரும் மறுக்கவில்லை. அந்தச் செலவை வளர்ப்பாளர் முன்கூட்டியே செய்யாவிட்டால், அதைவிடப் பல மடங்கு செலவை வாங்கிய குடும்பம் அறுவை சிகிச்சை மேசையில் பின்னால் செய்கிறது. பணத்தைச் செலவழிக்க முடியாத குடும்பம் நாயைக் கைவிடுகிறது. இவை இரண்டுக்கும் நடுவே வலியை அனுபவிப்பது வாய் பேசாத நாய். கேள்வி கேட்காமல் வாங்குபவர் இருக்கும்வரை, சோதனை செய்யாமல் விற்பவரும் இருப்பார். ஆகவே அடுத்த முறை குட்டி பார்க்கப் போகிறவர், விலையைக் கேட்கும் முன் பெற்றோரின் சோதனைத் தாளைக் கேட்கட்டும். தாள் இல்லையென்றால் வெறுங்கையோடு வீடு திரும்பவும் மனத்தைத் தயார்படுத்திக்கொண்டு போகட்டும்.