புலிப்பொறியும் பெயரில்லா மறவரும்
(உத்திரமேரூரில் தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரைக் காண வருவோர் அனைவரும் குடவோலையைப் பற்றியே வினவுகின்றனர். கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பெற்ற அவ்விரு கல்வெட்டுகளின் தொடக்கத்தை உற்று நோக்குவார் அரியர். வடசொல் மிகுதியும் விரவிய அவை, முதலாம் பராந்தகனை 'மதிரை கொண்ட' வேந்தன் என்று கூறியே ஆண்டுக் கணக்கைத் தொடங்குகின்றன. ஊராட்சித் தேர்தலுக்கு நெறி வகுத்து எழுதும்போதும், போர் வெற்றியை முன்வைத்தே அன்று நாள் குறித்தனர். பின்னாளில் அப்பட்டம் 'மதிரையும் ஈழமும் கொண்ட' என நீண்டது. இடையிலே கடல் ஒன்று கடக்கப்பட்டுவிட்டது.

கடலைக் கடக்கச் செய்தது ஒரு முடி. பராந்தகனிடம் தோற்ற பாண்டியன் இராசசிம்மன், தன் குடிவழி முடியை ஈழத்தரசனிடம் அடைக்கலமாக வைத்துச் சென்றான். அதனை மீட்கப் பராந்தகன் படை விடுத்தும் முடி கைக்கு வரவில்லை. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்தே, முதலாம் இராசேந்திரன் அதனைக் கைப்பற்றியதாகத் தன் மெய்க்கீர்த்தியில் பொறித்தான். பொன்னின் எடைக்காகவா அத்தனை கலங்கள் ஓடின? அன்று. முடியும் கொடியும் பொறியும் ஒரு குடியின் நினைவைத் தாங்குவன. அவை மாற்றான் கையில் இருக்கும்வரை வென்றவனுக்கும் வெற்றி முழுமை பெறவில்லை.

சோழர் பொறியையும் நோக்குங்கள். திருவாலங்காட்டுச் செப்பேட்டிலும், இலெய்டன் நகரின் பெயரால் வழங்கும் ஆனைமங்கலச் செப்பேட்டிலும், வளையத்தில் கோத்த பொறியிலே புலி அமர்ந்திருக்கிறது. உடன் இரு கயல்கள், வில், மேலே கொற்றக்குடை. மூவேந்தர் ஒற்றுமையின் அடையாளம் என்று மேடைதோறும் இதனைக் காட்டி மகிழ்வாருளர். அது பிழை. கயலும் வில்லும் புலியோடு ஒரே வட்டத்துள் அடைபட்டது வென்றவன் விருப்பமேயன்றித் தோற்றவர் உடன்பாடு அன்று. தமிழர் தமிழரை அடக்கிய செய்தியை ஒற்றுமை எனப் பெயர் மாற்றிப் பெருமை பேசுவதால் தமிழுக்கு ஆக்கம் இல்லை.

1025இல் இராசேந்திரனின் கடற்படை சீர்விசயத்தையும் கடாரத்தையும் தாக்கியது. தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டு, வென்ற ஊர்களைப் பண்ணை, மலையூர், இலங்காசோகம், தக்கோலம், மாநக்கவாரம் என அடுக்குகிறது. சிறைப்பட்ட சங்கிராம விசயோத்துங்கன் பெயர் உண்டு. கவர்ந்த விச்சாதிரத் தோரணமும் உண்டு. துடுப்பு வலித்தவன் ஒருவன் பெயர்கூட இல்லை. மாண்டோர் தொகையும் இல்லை.

இது தமிழர் மரபா? தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் பட்ட தீயன் அந்தவன் என்பானின் பெயரை ஈராயிரம் ஆண்டுக்கும் மேலாகக் காத்து நிற்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலக் கல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தியோடு, அவனைப் பிரியாமல் நின்று கள்ளர் இருவரைக் கடித்த நாயையும் அது காட்டுகிறது. அந்நாயின் பெயர் கோவிவன். நாயின் பெயரையும் மறவாது வெட்டிய மண்ணில், கடாரத்துக் கடலில் ஆழ்ந்தவன் பெயரிலி ஆனான்!

கடலில் கல் நட இயலுமா எனலாம். நடுகல்லுக்கு உடல் வேண்டுவதில்லை. கல்லைத் தேடிக் காண்பது முதல் வாழ்த்துவது ஈறாகத் தொல்காப்பியர் ஆறு படிகளை வகுத்தார்; உடலைப் பற்றிய படி அவற்றுள் இல்லை. மும்பையை அடுத்த எக்சாரில், துடுப்புகள் நிரைத்த கலங்களோடு கடற்போரைச் செதுக்கிய பழங்கற்கள் இன்றும் உள்ளன. முதல் உலகப் போரில் கடலையே புதைகுழியாகப் பெற்றோர்க்கு, ஆங்கிலேயர் 1924இல் சாத்தம், போர்ட்சுமத்து, பிளைமத்து ஆகிய துறைமுகங்களில் ஒரே வகைத் தூண்களை எழுப்பி, வெண்கலப் பலகைகளில் அவர்தம் பெயர்களைப் பொறித்தனர். 1971 திசம்பர் 9ஆம் நாள் குக்ரி என்னும் போர்க்கலத்தோடு மூழ்கிய 194 பேர்க்குத் தீயூவில் கடல் நோக்கிய நினைவிடம் எழுந்தது.

2022 செப்தம்பர் 2ஆம் நாள், கொச்சியில் இந்தியக் கடற்படைக் கொடியினின்றும் ஆங்கிலேயரின் சிவப்புக் குறுக்கு நீக்கப்பட்டது. மராட்டியச் சிவாசியின் பொறியைத் தழுவிய எண்கோணம் இடம்பெற்றது. அவர்க்கு ஆறு நூற்றாண்டு முன்னரே கடல் கடந்த புலி எங்கே எனத் தமிழர் வினவுவது முறையே. ஆனால் அவ்வினா சிறிது. 2024இல் கோவாக் கடற்படைப் போர்க்கல்லூரியில் சோழர் பெயரால் ஒரு கட்டடம் திறக்கப்பட்டது. 2025 சூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திரனுக்கு நினைவுக்காசு வெளியிடப்பட்டது. வேந்தர்க்குக் குறைவில்லை.

கடாரம் சென்றோர் பெயர்கள் இனிக் கிட்டா. ஆயினும் நாகைக் கரையில் அவர்க்கென ஒரு கல் நடலாம். அதில் புலி வேண்டா. ஒரு கலமும், துடுப்பேந்திய ஓர் ஆளும், தூய தமிழில் நான்கு வரியும் போதும். இங்குக் கூடியிருப்போருள், வயல் வரப்பிலோ ஏரிக்கரையிலோ உருச் செதுக்கிய கல்லைக் கண்டவர் இருப்பின், அதனைத் துவைகல்லாக்க விடாதீர்கள்; சுண்ணாம்பு பூசி எழுத்தை மூடாதீர்கள். தொல்லியல் துறையினர்க்குத் தெரிவித்துப் படியெடுக்கச் செய்யுங்கள். அதில் ஒருவன் பெயர் இருக்கக்கூடும்.