விசைத்தறி இரைச்சலும் தொழிலாளியின் செவியும்
(பயிலரங்க உரையின் சுருக்கம்)



மகாராஷ்டிரத்தின் பிவண்டியிலும் மாலேகாவிலும், குஜராத்தின் சூரத்திலும் விசைத்தறிகள் இரவு பகலாக ஓடுகின்றன. நாடாத் தறியில் நாடா ஒவ்வொரு முறையும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு அடித்துத் தள்ளப்படுகிறது. அந்த அடியோசை தகரக் கூரைக்கும் வெற்றுச் சுவருக்கும் இடையே எதிரொலித்து 90 டெசிபலை எளிதில் தாண்டுகிறது. 12 மணி நேர ஷிப்ட் அங்கே வழக்கம். சூரத்தில் அந்த ஷிப்டில் நிற்போரில் பெருந்தொகையினர் ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள்.

உட்செவியில் ஏறத்தாழ 15,000 மயிரிழைச் செல்கள் உள்ளன. அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அழிவு வலியின்றி நிகழ்கிறது. முதலில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள் மங்குகின்றன. பேச்சு காதில் விழும், சொல் பிரியாது. தொழிலாளி திரும்பத் திரும்பக் கேட்கிறார், கேலிக்கு ஆளாகிறார், பின்னர் ஆள் கூடும் இடத்தையே தவிர்க்கிறார். (சங்கக் கூட்டத்தில் பின்வரிசையில் மௌனமாக அமர்ந்திருப்பவரை அக்கறையற்றவர் என்று முடிவுகட்டும் பொறுப்பாளர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.)

கேடு செவியோடு நிற்பதில்லை. ஓயாத இரைச்சலை உடல் ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலினும் கார்டிசாலும் சுரக்கின்றன. இரத்த நாளங்கள் இறுகுகின்றன. ஆண்டுக்கணக்கில் நீடித்தால் இரத்த அழுத்தமும் இதயநோயும் தலைதூக்குகின்றன. தறி நின்ற பிறகும் காதில் ரீங்காரம் நிற்பதில்லை. உறக்கம் கெடுகிறது; எரிச்சலும் மனச்சோர்வும் குடும்பத்தின் மீது இறங்குகின்றன.

சட்டம் உண்டு. 8 மணி நேரத்திற்கு 90 டெசிபல் என்பது தொழிற்சாலை வரம்பு. 12 மணி நேர ஷிப்டில் அந்தக் கணக்கே பொருளற்றது. 3 டெசிபல் கூடினாலே ஒலியாற்றல் இரு மடங்காகிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோயாக இருந்தது. ஆனால் ஒரே கூடம் பல பெயர்களில் பிரிக்கப்பட்டு, ஏட்டில் பத்துப் பேருக்கும் குறைவாகக் காட்டப்பட்டபோது அது தொழிற்சாலையே அல்ல என்றாகிவிட்டது. 2020ஆம் ஆண்டின் பணிப்பாதுகாப்புத் தொகுப்பு, மின்விசை பயன்படுத்தும் இடங்களுக்கான அந்த எண்ணிக்கையை 20ஆக உயர்த்தியது. முதலாளிகள் தந்திரத்தால் பெற்றதை ஒன்றிய அரசு சட்டமாகவே வழங்கியிருக்கிறது.

காதடைப்பான் கோருவது சரியே. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. வேலையில் சேரும்போதும், பின்னர் ஆண்டுதோறும் செவித்திறன் சோதனை நடத்தி, அறிக்கையின் நகலைத் தொழிலாளியின் கையில் தர வேண்டும். அந்தக் காகிதம் இல்லாதவரை, ‘வரும்போதே காது மந்தம்’ என்ற முதலாளியின் ஒரு வரி போதும், இழப்பீட்டு வழக்கை முறிப்பதற்கு.