கோழிக்கு ஒரு வீடு

கொல்லையில் நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்கிறீர்களா? பகலெல்லாம் அவை மேயட்டும். ராத்திரிக்குத்தான் கூடு வேண்டும். பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்தால் போதாதா என்பீர்கள். மரநாய் வரும் இடத்தில் அதை நம்பி நான் தூங்கமாட்டேன்.

கூட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் நேராக உள்ளே இறங்காது. 2 அடி உயரத்துக்குக் கால் நட்டு, மேலே இடைவெளி விட்டுச் சட்டம் அடியுங்கள். எச்சம் கீழே விழும், எருவாக அள்ளிக்கொள்ளலாம். பக்கங்களில் கம்பிவலை. மழைக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாயால் மூடிவிடாதீர்கள், பாவம். காற்றோடாத கூட்டில் எச்சத்தின் அமோனியா நெடி கோழியின் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். உட்கார ஒரு மூங்கில் கழி. பொழுது சாய்ந்து கோழிகள் அடைந்ததும், எண்ணிப் பார்த்துத் தாழிடுங்கள்.