அப்பா உள்ளேதான் இருக்கிறார்



சில மாதங்களுக்கு முன் ஓர் அன்பியத்தில் இல்லச் சந்திப்புக்குப் போயிருந்தேன். வார நாள், காலை பதினொரு மணி. ஒரு வீட்டு வாசலில் ஆண்கள் போடும் செருப்பு கிடந்தது. "வீட்டுக்காரர் இருக்கிறாரா அம்மா?" என்று கேட்டேன். "வேலைக்குப் போயிருக்காங்க ஃபாதர்" என்றார் அந்தத் தாய். தரையில் விளையாடிக்கொண்டிருந்த நான்கு வயதுக் குழந்தை தலையைத் தூக்கி, "இல்ல ஃபாதர், அப்பா உள்ளதான் இருக்காங்க" என்றது. அந்தத் தாய் என் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தார்.

சற்று நேரத்தில் அவரே வெளியே வந்தார். வளைகுடா நாட்டில் பத்து வருடத்துக்கு மேல் உழைத்தவர். ஒப்பந்தம் முடிந்தது, கம்பெனி புதுப்பிக்கவில்லை. ஊர் வந்து ஐந்து மாதம். கேட்பவர்களிடம் "லீவு" என்று சொல்லிவைத்திருக்கிறார். ஐந்து மாத லீவை எந்தக் கம்பெனியும் கொடுக்காது என்பது தெருவுக்கே தெரியும். ஆனாலும் கோவிலில் அவரைப் பார்க்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "எப்ப வந்தீங்க? எப்பப் போறீங்க?" அந்தக் கேள்விக்குப் பயந்தே ஞாயிறு திருப்பலிக்கு வருவதை நிறுத்திவிட்டார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். இப்படி ஒரு வீடு உங்கள் பங்கிலும் இருக்கும்.

நகை அடகில் இருந்தது, உண்மைதான். ஆனால் அன்று நான் கண்ட கஷ்டம் அதுவல்ல. கணவனும் மனைவியும் முகம் கொடுத்துப் பேசி மூன்று வாரம் ஆகியிருந்தது. காரணம், மனைவி வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்துக்கு விற்கத் தொடங்கியது. "நான் என்ன செத்தா போயிட்டேன், நீ மாவு வித்துக் குடும்பம் நடத்த?" என்று கேட்டிருக்கிறார். அந்த வார்த்தை வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டது.

அன்புக்குரியவர்களே, இந்தச் சண்டை திருவிவிலியத்திலேயே இருக்கிறது. இணைத் திருமுறை நூல்களில் ஒன்றான தோபித்து நூலை எடுத்து, இரண்டாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை வாசியுங்கள். தோபித்து என்றால் நமக்கு மீனும் வானதூதர் இரபேலும்தான் நினைவுக்கு வரும். திருமண மறையுரைகளில் நாங்களும் தோபியா, சாரா கதையைத்தான் சொல்கிறோம். அந்த ஆட்டுக்குட்டியை யாரும் பேசுவதில்லை.

தோபித்து நாடு கடத்தப்பட்டு நினிவேயில் வாழ்ந்தவர். அரசனுக்குப் பொருள் வாங்கிக் கொடுக்கும் பொறுப்பில் இருந்தவர், அதற்காக மேதியா நாடுவரை போய் வந்தவர். அரசன் மாறினான், பாதைகள் பாதுகாப்பில்லாமல் போயின, அந்த வேலையும் போனது. பிறகு, இறந்தோரை அடக்கம் செய்த ஓர் இரவில் முற்றத்துச் சுவரோரம் படுத்திருந்தபோது குருவிகளின் எச்சம் கண்ணில் விழுந்து பார்வை போனது. உறவினர் ஒருவர் இரண்டு ஆண்டு தாங்கினார். அவரும் வேறு ஊருக்குப் போய்விட்டார். அப்போது மனைவி அன்னா நெசவு வேலை எடுத்துச் செய்யத் தொடங்கினார்.

ஒருநாள் வேலை கொடுத்தவர்கள் முழுக் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் கொடுத்தனுப்பினார்கள். அன்பளிப்பாக. வீட்டில் ஆடு கத்தும் சத்தம் கேட்டது. பார்வையில்லாத தோபித்து கேட்ட முதல் கேள்வியே, "இது எங்கிருந்து வந்தது, திருட்டு ஆடா?" என்பதுதான். கூலிக்கு மேல் சும்மா கொடுத்தார்கள் என்று அன்னா சொல்லியும் அவர் நம்பவில்லை, திருப்பிக் கொடு என்று கத்தினார். அன்னாவும் விடவில்லை. நீர் செய்த தான தர்மம் எல்லாம் எங்கே போயிற்று என்று திருப்பிக் கேட்டார்.

இறந்தவர்களை உயிருக்குத் துணிந்து அடக்கம் செய்த நல்ல மனிதர், உழைத்து வந்த மனைவியைத் திருடி என்கிறார். ஏன்? இத்தனை ஆண்டு குருத்துவப் பணியில் குடும்பங்களைக் கேட்ட பிறகு எனக்குத் தோன்றுவது இது: அவருக்குக் கோபம் ஆட்டின்மேல் இல்லை, அன்னாமேலும் இல்லை. இந்த வீட்டுக்கு நான் எதற்கு என்கிற கேள்வி அவரைத் தின்கிறது. அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவர், ஆட்டைப் பிடித்துக்கொண்டார். நம் ஊரில் அது இட்லி மாவு.

அடுத்த அதிகாரத்தில் தோபித்து அழுது, சாவைக் கேட்டு மன்றாடுகிறார். வேலையிழந்த எத்தனை தகப்பன்மார் இரவில் இந்தச் செபத்தைச் சொல்கிறார்கள் என்பது ஒப்புரவு அருளடையாளத்தில் அமர்ந்திருக்கும் குருக்களுக்குத் தெரியும். இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் யாருக்காவது அந்த எண்ணம் இருந்தால், இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

அதே நாளில் தோபித்து இன்னொன்றும் செய்தார். மகன் தோபியாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து வீட்டு நிலையைச் சொன்னார். இன்னாரிடம் இவ்வளவு வெள்ளி கொடுத்துவைத்திருக்கிறேன் என்றார். ஏழையாகிவிட்டோமே என்று பயப்படாதே என்றார். ஆனால் பணத்தைப் பற்றிப் பேசும் முன்பே, தம்மை நல்லடக்கம் செய்யும்படி கேட்ட கையோடு அவர் சொன்னது, உன் தாயை மதித்து நட, அவள் உயிரோடு இருக்கும்வரை கைவிடாதே, உனக்காக அவள் பட்ட பாட்டை மறக்காதே என்பது. காலையில் யாரைத் திருடி என்றாரோ, அவரைப் பற்றி. அன்னாவிடம் அவர் மன்னிப்புக் கேட்டதாக நூலில் இல்லை. எனக்கென்னவோ இதுதான் அந்த மன்னிப்பு என்று படுகிறது.

பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நான்கு வயதுக் குழந்தைக்கு நான்கு வயதுக்கு ஏற்ற அளவில், பத்தாம் வகுப்புப் பையனுக்குக் கடன் கணக்கோடு. சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். எனக்குத் தெரிந்திருந்தது.

என் அப்பா மதுரையில் ஒரு பஞ்சாலைத் தொழிலாளி. நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது ஆலை கதவடைப்புச் செய்தது. அப்பா மூன்று வாரம் வழக்கம்போலத் தூக்குச்சட்டியோடு கிளம்பிப் போய்ச் சாயங்காலம் திரும்பினார். ஒருநாள் பள்ளிவிட்டு வரும் வழியில், கோவில் மதில் நிழலில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வீட்டில் நான் யாரிடமும் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை சுமக்கக் கூடாத சுமை அது.

அம்மா பழைய தையல் மிஷினை எடுத்துத் துடைத்து ஜாக்கெட் தைக்க ஆரம்பித்தார். முதலில் அப்பா அந்தப் பக்கமே திரும்பவில்லை. பிறகு இரவில், கதவைச் சாத்திக்கொண்டு, காஜா எடுக்கவும் ஊக்கு வைத்துத் தைக்கவும் அம்மாவிடம் கற்றுக்கொண்டார். மில் இயந்திரத்தில் பழகிய விரல்கள், ஊசி வேலை சீக்கிரம் வந்துவிட்டது. கொஞ்ச நாள் கழித்து ஒரு பகல் வேளையில் துணியை எடுத்துக்கொண்டு போய்த் திண்ணையிலேயே உட்கார்ந்தார். தெருவில் போகிற எல்லாரும் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு எல்லாரும் சேர்ந்து செபமாலை சொன்னோம். அந்த மில் திறக்கவே இல்லை. பதினொரு மாதம் கழித்துத்தான் அப்பாவுக்கு ஓரிடத்தில் இரவுக் காவலாளி வேலை கிடைத்தது, பாதிச் சம்பளத்தில்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2020 டிசம்பர் 8 அன்று புனித யோசேப்பைப் பற்றி எழுதிய 'பாத்ரிஸ் கோர்தே' மடலில், வேலையில்லாத குடும்பம் மனக்கசப்புக்கும் பிளவுக்கும் எளிதில் ஆளாகிறது என்று எச்சரித்திருக்கிறார். பெருந்தொற்றால் பலர் வேலையிழந்திருந்த நேரம் அது. அவர் அந்தக் குடும்பங்களுக்கு மட்டும் எழுதவில்லை, நம் எல்லாருக்கும்தான் எழுதினார். ஆகவே பங்கு மக்களிடம் ஒன்று கேட்கிறேன். "எப்பப் போறீங்க?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். "சாப்பிட வாங்க" என்று கூப்பிடுங்கள். வாசகம் வாசிக்கச் சொல்லுங்கள். வேலை இருக்கும் இடம் தெரிந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அன்பியக் கூட்டத்தில் பத்துப் பேர் நடுவே வேண்டாம்.

வின்சென்ட் தே பால் சபையினர் பள்ளிக் கட்டணத்துக்கும் மளிகைக்கும் உதவுகிற பங்குகள் பல உண்டு. பெயர் வெளியே போகாது. உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். என் பங்கைச் சேர்ந்தவர்கள் அலுவலகத்தில் வரிசையில் நிற்க வேண்டாம். காலைத் திருப்பலி முடிந்து அரை மணி நேரம் கோவில் முற்றத்து வேப்பமரத்தடியில்தான் இருப்பேன்.