மலத்தில் ரத்தம்: யாருடைய வெட்கம்?

(பொம்மிடியில் நடந்த இளைஞர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'மூலம், பவுத்திரம்' என்று சுவரில் எழுதாத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? சிரிக்கிறீர்கள். ஆனால் பெருங்குடல் புற்றுநோயைப் பற்றிப் பேச அந்தச் சுவரிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஐம்பது வயதுக்காரருக்கு மலத்தோடு ரத்தம் போனால் சூடு என்கிறோம், மூலம் என்கிறோம். மோர், கருணைக்கிழங்கு, பிறகு சுவரில் பார்த்த வைத்தியர். பலருக்கு அது வெறும் மூலம்தான். அப்படி இல்லாத சிலருக்கு, இப்படிக் கழிகிற இரண்டு வருடம்தான் உயிர்.

இந்த நோய் பெரும்பாலும் குடலின் உள்சுவரில் சின்னச் சதைமொட்டாகத் தொடங்கி, புற்றாக மாறப் பத்து வருடம் போல எடுத்துக்கொள்கிறது. மொட்டிலேயே வெட்டி எடுத்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தையும் காட்டிவிடுகிற மலப் பரிசோதனை இருக்கிறது. இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அது தபாலில் வீட்டுக்கே வருகிறது. நம் தேசியத் திட்டம் 30 வயதுக்கு மேல் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றை மட்டும் பார்க்கிறது. குடல் அதில் இல்லை. மேலை நாடுகளைவிட இங்கே இந்த நோய் குறைவு என்பார்கள். உண்மைதான். எல்லோருக்கும் வேண்டாம், ரத்தம் போகிறது என்று சொல்பவருக்காவது நடக்கட்டும்.

அவர் ஏன் சொல்வதில்லை? 'விழிப்புணர்வு இல்லை' என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். பழியை நோயாளி தலையில் கட்டுகிற சொல் அது.

மலத்தைத் தொடுவது ஒரு சாதியின் வேலை என்று விதித்த சமூகம் இது. மலம் அள்ளவைப்பதைத் தடைசெய்ய 2013இல்கூடச் சட்டம் போட வேண்டியிருந்தது. இங்கே ஒருவரிடம் உன் மலத்தை டப்பியில் எடுத்து வா என்றால், ஆதிக்கசாதிக்காரருக்கு அது தீட்டு. சேரியிலிருந்து வருகிற அம்மாவுக்கோ, அந்த டப்பியோடு வரிசையில் நிற்பது பழைய அவமானம் திரும்பி வருவது போல. இரண்டும் ஒரே வெட்கம் அல்ல. ஒன்று சாதியைக் காப்பாற்றுகிற வெட்கம், மற்றது சாதி கொடுத்த காயம்.

டப்பியைத் தாண்டினாலும் குடல் உள்நோக்கிச் சோதனை இருக்கிறது. முந்தின நாள் பேதி மருந்து குடித்து, குடல் சுத்தமாகும்வரை திரும்பத் திரும்பக் கழிப்பறைக்கு ஓட வேண்டும். வீட்டில் கழிப்பறையும் தண்ணீரும் உண்டு என்ற நினைப்பில் எழுதிக் கொடுக்கப்படுகிற சீட்டு அது. கழிப்பறை கட்டி, தண்ணீர் வராமல் விறகு அடுக்கி வைத்திருக்கும் வீட்டில் அந்த அம்மா என்ன செய்வார்? இருட்டட்டும் என்று காத்திருப்பாரா? மறுநாள் தர்மபுரிக்கோ சேலத்துக்கோ போக வேண்டும், கூடவே ஒரு ஆள் வேண்டும். இரண்டு பேர் கூலி போச்சு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை சிகிச்சைக்கு உதவும், இழந்த கூலியைத் தராது.

2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டு ஒரு பெண் வாசலுக்கே வருகிறார். அவர் பெரும்பாலும் ஊர்க்காரர், பேச்சு தெரிந்தவர். 'வெளியே போகும்போது ரத்தம் வருதாக்கா?' என்ற கேள்வியையும் அவர் கையில் கொடுக்கலாம். ஆம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் கையுறை போட்டு விரலால் பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலை. பார்க்காமலே மூல மாத்திரை எழுதினால், ஏன் பார்க்கவில்லை என்று கேளுங்கள். பேதி மருந்து குடிக்கிற அன்றிரவு வீட்டில் வசதியில்லாதவருக்கு மருத்துவமனையிலேயே ஒரு படுக்கை கேட்போம். அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாக வைக்க யார் தயார்? பெயர் கொடுங்கள், மனுவை இங்கேயே எழுதிவிடலாம்.