கர்ப்பிணிக்குக் காய்ச்சலா? லிஸ்டீரியா கிருமியைத் தெரிந்துகொள்வோம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் பேசியது)



ஏழாம் மாதத்தில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டால் நம்ம ஊரில் முதலில் என்ன பேசுவாங்க? "ராசி இல்லாதவ", "கண்ணு பட்டிருச்சு". இந்தப் பேச்சைக் கேட்காத குழு நம்மில் இருக்காது. இப்படி ஆவதற்குக் காரணங்கள் பல உண்டு. அதில் ஒன்றை மட்டும் இன்று சொல்கிறோம். அது லிஸ்டீரியா என்ற கிருமி.

மண், சாணம், காய்ச்சாத பால் இவற்றில் எல்லாம் இது இருக்கக்கூடும். உணவு வழியாக உள்ளே போகிறது. தாய்க்கு லேசான காய்ச்சல், உடம்பு வலி, அவ்வளவுதான் தெரியும். இரண்டு நாளில் எழுந்து வேலையும் பார்ப்பாள். ஆனால் கிருமி நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போய்விடும். சாப்பிட்டுப் பல வாரம் கழித்துக்கூட நோய் வரலாம் என்பதால், எதனால் வந்தது என்று யாருக்கும் புரிவதில்லை.

"ஒரே சாப்பாட்டை வீடே சாப்பிட்டது, இவளுக்கு மட்டும் ஏன்?" என்று கேட்பீர்கள். கர்ப்பகாலத்தில் இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி குறைகிறது. அது ஒரு காரணம். இன்னொன்று, கிருமியின் ரகம். நெல்லில் பொன்னி, ஐ.ஆர்.20 என்று இருப்பதுபோல லிஸ்டீரியாவிலும் பல ரகங்கள் உண்டு. மரபணு மாறினால் குணமும் மாறுகிறது. உடம்புக்குள் நுழைய இந்தக் கிருமிக்கு இன்டர்னலின் என்ற புரதம் சாவி மாதிரி உதவுகிறது. உணவில் அடிக்கடி அகப்படும் சில ரகங்களில் இந்தச் சாவி பாதியில் முறிந்திருக்கிறது, அவற்றின் வேகம் குறைவு. பிரான்சு நாட்டு விஞ்ஞானிகள் ஆயிரக்கணக்கான மாதிரிகளை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். உணவில் குறைவாகவும் நோயாளிகளிடம் அதிகமாகவும் இருக்கும் ரகங்கள் தனியாக உண்டு என்று கண்டார்கள். அதில் சி.சி.4 என்ற ரகம் நஞ்சுக்கொடியைத் தாக்குவதில் கெட்டிக்காரன். பாலைப் பார்த்து எந்த ரகம் என்று நம்மால் சொல்ல முடியுமா? முடியாது. நல்லவேளை, நன்றாகக் கொதித்தால் எல்லா ரகமும் செத்துப்போகும்.

1981-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் நடந்ததை ஆடு வளர்க்கும் நம்ம குழுக்கள் கட்டாயம் கேட்கணும். ஒரு பண்ணையில் ஆட்டுச் சாணத்தை மக்கவிடாமல் முட்டைக்கோசுக்குப் போட்டார்கள். அந்த மந்தையில் இரண்டு ஆடுகள் இதே நோயில் இறந்திருந்தன. அறுத்த கோசைக் குளிரில் சேமித்தார்கள். குளிரிலும் வளரும் கிருமி இது, பிரிட்ஜுக்குள்ளும் பெருகும். அந்தக் கோசைப் பச்சையாக நறுக்கிச் சாலடாகச் சாப்பிட்டவர்களில் 41 பேருக்கு நோய். அதில் 34 பேர் கர்ப்பிணிகளும் பச்சைக்குழந்தைகளும்.

தென்னாப்பிரிக்காவில் 2017, 2018-ல் 1,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு 200 பேருக்கு மேல் இறந்தார்கள். வெவ்வேறு ஊர் நோயாளிகளின் கிருமி மரபணுவைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே ரகம். அதை வைத்துத்தான், சமைக்காமல் சாப்பிடும் ஒரு பதப்படுத்திய இறைச்சியிலிருந்து வந்தது என்று பிடித்தார்கள்.

நாம் செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. பச்சைப் பால், அது ஆட்டுப்பாலே ஆனாலும், கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது. பிரிட்ஜில் வைத்த குழம்பை ஆவி பறக்கச் சூடு பண்ணணும். கீரைக்கும் காய்க்கும் மக்கிய எருவே போடணும். ஆடு குறைமாதத்தில் குட்டி போட்டால் கர்ப்பிணி அதைத் தொடவே வேண்டாம், வேறு யாராவது கையுறை போட்டு எடுத்துப் புதைக்கட்டும்.

இது எல்லோருக்கும் வரும் நோயல்ல, பயப்பட வேண்டாம். ஆனால் கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுப் படுக்க வைக்காதீங்க. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய், எத்தனை மாதம், பச்சைப் பால் குடித்தாளா, வீட்டில் ஆடுமாடு உண்டா என்பதைச் சொல்லுங்க. இரத்தப் பரிசோதனையில் இந்தக் கிருமியைக் கண்டுபிடிக்கலாம். ஆம்பிசிலின் போன்ற பழைய மருந்துகளே இதற்குக் கேட்கும். நேரத்தோடு கொடுத்தால் குழந்தையையும் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

சந்தேகம் இருக்கிற அக்காமார் இப்பவே கேளுங்க.